கப்பல் பட்டியலில் நூற்றுக்கணக்கான வரிசைகளை ஒரே நேரத்தில் திருத்துவது எப்படி: ஓப்பன்ரிஃபைன் முழுமையான வழிகாட்டி

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் மெட்ராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் இருக்கும் நட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மெட்ராஸில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனியல் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம் என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பதிவுகள்தான் இன்று கப்பல் பட்டியல் என்று நாம் சொல்வது. குவாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்துக்குப் போனவர்களுக்கு இது பழக்கமான விஷயம்.

டர்பன் பகுதியின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் ஏதாவது ஒரு குடும்பம் இந்தப் பட்டியலோடு எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. "எங்க தாத்தாவோட அப்பா எந்த ஊரு?" என்ற ஒரே கேள்விதான். பதில் பட்டியலில் இருக்கிறது, ஆனால் மெட்ராஸ் எழுத்தர் காதில் விழுந்த மாதிரி எழுதிய ஆங்கிலத்தில் இருக்கிறது. திருச்சிராப்பள்ளி ஒரு பக்கத்தில் ட்ரிச்சினோபோலி, இன்னொரு பக்கத்தில் ட்ரிச்சினாபலி, மூன்றாவது பக்கத்தில் வெறும் ட்ரிச்சி. அவற்றின் பக்கத்தில் தமிழ்ப் பெயரையும் ஒரே சீரான லேபிளாக இட்டுவிட்டால், தேடுகிறவருக்கு வழி திறந்துவிடும். அந்த வேலையை ஒவ்வொரு வரிசையாகச் செய்தால் ஆயுள் போதாது. மொத்தமாகத்தான் செய்யவேண்டும்.

மொத்தமாகத் திருத்துவதில் மாற்றம் ஒரு நொடியில் முடிந்துவிடும். எந்த வரிசைகள் மாறவேண்டும், எவை மாறக்கூடாது என்று பிரித்தெடுப்பதில்தான் நேரம் முழுக்கப் போகும், போகவும் வேண்டும். இந்த வழிகாட்டியும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

எந்தக் கருவி

ஓப்பன்ரிஃபைன், அட்டவணைத் தகவலைத் துப்புரவாக்கும் ஒரு மென்பொருள். இலவசம். 2010-இல் ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ் என்ற பெயரில் வந்து, அதே ஆண்டு கூகுள் ரிஃபைன் ஆகி, 2012 முதல் ஓப்பன்ரிஃபைன் என்று பொதுவில் வளர்கிறது. பார்க்க எக்செல் மாதிரி கட்டங்கள்தான். ஆனால் இதில் கட்டங்களை மவுஸால் இழுத்துத் தேர்வு செய்வதில்லை. 'இந்த மதிப்பு உள்ள வரிசைகள் எல்லாம்' என்று நிபந்தனை சொல்லித் தேர்வு செய்கிறோம். லேபிள் இடும் வேலைக்கு இதுவே பொருத்தம்.

எக்செலில் இந்த வேலையைச் செய்ய எனக்குத் துணிவு வருவதில்லை. ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்திவிட்டால், ஒருவருடைய ஊர் இன்னொருவருடைய பெயருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். கோப்பைச் சேமித்து மூடியபின் அதை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் எல்லாக் கட்டமும் நிரம்பித்தான் இருக்கும். ஒரு குடும்பம் தங்கள் ஊர் என்று நம்பி வேறொருவருடைய கிராமத்துக்குப் பயணம் போகும் நிலை வரக்கூடாது.

ஓப்பன்ரிஃபைன் உங்கள் கணினிக்குள்ளேயே ஓடுகிறது. பிரவுசரில் திறந்தாலும் முகவரி 127.0.0.1:3333 என்றுதான் இருக்கும். நிறுவியபின் இணையம் தேவையில்லை, மொபைல் டேட்டா செலவு இல்லை, கோப்பும் வெளியே எங்கும் போவதில்லை. ஜாவா வேண்டும். விண்டோஸுக்கு ஜாவாவையும் சேர்த்தே கட்டிய பதிப்பு கிடைக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பை உள்ளே கொண்டுவருவது

முதலில் தட்டச்சு செய்த கோப்பைப் பாருங்கள். உயரம் என்ற நெடுவரிசையில் ஐந்தடி இரண்டங்குலத்தை 5-2 என்று யாராவது அடித்திருந்தால், எக்செல் அதைத் தேதி ஆக்கியிருக்கும். ஆறு மாதக் குழந்தையின் வயதைக் குறிக்க எழுத்தும் எண்ணும் கலந்து அடித்திருப்பார்கள், அதையும் கவனியுங்கள். இனிமேல் தட்டச்சு செய்பவர்கள் எல்லா நெடுவரிசையையும் 'டெக்ஸ்ட்' என்று வைத்துவிட்டுத் தொடங்கட்டும்.

தேடுகிற குடும்பத்தாரின் தொலைபேசி எண், அடையாள எண் போன்றவை அதே தாளில் ஒட்டிக்கொண்டிருந்தால், அவற்றைத் தனிக் கோப்புக்கு மாற்றுங்கள். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் போப்பியா என்று சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது. நூறு வருடத்துக்கு முந்தைய பெயரும் இன்று உயிரோடிருப்பவர் விவரமும் ஒரே கோப்பில் கைமாறக்கூடாது.

இப்போது ஓப்பன்ரிஃபைனில் 'கிரியேட் ப்ராஜெக்ட்' போய்க் கோப்பைத் தேர்வு செய்யுங்கள். முன்னோட்டத் திரை வரும். அதன் கீழே இரண்டு இடங்களைப் பார்க்கவேண்டும். எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்று இருக்கவேண்டும், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து கேள்விக்குறியாகவோ குப்பையாகவோ வரும். இரண்டாவது, கட்டங்களில் உள்ள எழுத்தை எண்களாக மாற்றச் சொல்லும் பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். காலனியல் எண் ஒரு பெயரைப் போன்றது, அதை வைத்துக் கணக்குப் போடப்போவதில்லை. எழுத்தாகவே இருக்கட்டும்.

ப்ராஜெக்ட் பெயரில் கப்பல் பெயரையும் பயண எண்ணையும் ஆண்டையும் சேருங்கள். ஒரே கப்பல் பல தடவை வந்திருக்கிறது, பட்டியலில் கப்பல் பெயருக்குப் பின்னால் ரோமன் எண் வருவது அதற்காகத்தான்.

மூலத்தைத் தொடாமல் பக்கத்தில் எழுதுவது

பதிவேட்டில் உள்ள மாவட்டம் என்ற நெடுவரிசை எவ்வளவு தப்பாக இருந்தாலும் அப்படியே இருக்கவேண்டும். எழுத்தர் தப்பாக எழுதினார் என்பதும் ஒரு தகவல். நாளைக்கு நம்மைவிட விவரம் தெரிந்த ஒருவர் வந்து பார்த்தால், நாம் மாற்றியதை மட்டும் பார்த்து அவரால் எதுவும் செய்ய முடியாது.

மாவட்டம் நெடுவரிசையின் தலைப்பில் உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்துங்கள். 'எடிட் காலம்', பிறகு 'ஆட் காலம் பேஸ்ட் ஆன் திஸ் காலம்'. திறக்கும் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிற ஒரே சொல்லைத் தொடாமல் விட்டால், நெடுவரிசையின் நகல் கிடைக்கும். அதற்கு 'மாவட்டம்-நகல்' என்று பெயர் வையுங்கள், துப்புரவெல்லாம் இதில்தான். இதே முறையில் இன்னும் இரண்டு நெடுவரிசை வேண்டும். பெட்டியில் உள்ள சொல்லை அழித்துவிட்டு இரட்டை மேற்கோளுக்குள் ஒரு சொல் எழுதினால், எல்லா வரிசையிலும் அந்தச் சொல்லே வரும். 'மாவட்டம்-தமிழ்' என்ற நெடுவரிசைக்கு "பார்க்கவில்லை" என்றும், 'நிலை' என்ற நெடுவரிசைக்கு "திறந்தது" என்றும் நான் வைப்பது வழக்கம். வெற்றாக விடுவதைவிட இது நல்லது. எதைத் தொட்டோம், எதைத் தொடவில்லை என்று பிறகு கேள்வி வராது.

மேற்கோள் குறி விஷயத்தில் ஒரு கவனம் வேண்டும். வேர்டிலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ ஒட்டினால் வளைந்த மேற்கோள் வரும், கருவி ஏற்காது. விசைப்பலகையில் நேராக அடியுங்கள்.

டிட்டோ: வரிசை மாற்றுவதற்கு முன் முடிக்கவேண்டிய வேலை

கையெழுத்துப் பதிவேடுகளில் மேலே உள்ளதே கீழேயும் வந்தால், எழுத்தர் மீண்டும் எழுதாமல் டிட்டோ குறி போடுவார். பார்த்து அடிப்பவரும் அப்படியே அடித்திருப்பார். ஒருவர் இரண்டு காற்புள்ளி போட்டிருப்பார், இன்னொருவர் 'டிட்டோ' என்றோ 'டூ' என்றோ சுருக்கியிருப்பார், மற்றொருவர் ஒன்றும் போடாமல் விட்டிருப்பார். அந்தக் குறிக்குப் பொருள் மேல் வரிசையில் இருக்கிறது. வரிசைகளை நிரந்தரமாக இடம் மாற்றினால் பொருள் போய்விடும். அதனால் இதுதான் முதல் வேலை, கீழே சொல்லும் ஒழுங்கில்தான் செய்யவேண்டும். எல்லாம் நகல் நெடுவரிசையில்.

ஒன்று. ஃபேசட் என்பது ஒரு நெடுவரிசையின் மதிப்புகளைப் பட்டியலிட்டு, நாம் தேர்ந்தவை உள்ள வரிசைகளை மட்டும் திரையில் காட்டும் வடிகட்டி. இடதுபுறம் ஏதாவது ஃபேசட் திறந்திருந்தால் 'ரிமூவ் ஆல்' அழுத்தி எடுத்துவிடுங்கள். பக்கத்தின் மேலே 'ரோஸ்', 'ரெகார்ட்ஸ்' என்று இரண்டு இருக்கும், ரோஸ் தேர்வில் இருக்கட்டும்.

இரண்டு. நகல் நெடுவரிசையில் 'எடிட் செல்ஸ்', 'காமன் டிரான்ஸ்ஃபார்ம்ஸ்', 'ட்ரிம் லீடிங் அண்ட் ட்ரெய்லிங் ஒயிட்ஸ்பேஸ்'. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் உள்ள கட்டத்தைக் கருவி வெற்றுக் கட்டமாக எடுத்துக்கொள்ளாது.

மூன்று. 'ஃபேசட்', 'டெக்ஸ்ட் ஃபேசட்'. இடதுபுறம் மதிப்புகளின் பட்டியல் எண்ணிக்கையோடு வரும். கடைசியில் 'பிளாங்க்' என்று இருந்தால் அதை அழுத்துங்கள். இப்போது திரையில் உள்ளவை பதிவேட்டில் மாவட்டமே எழுதப்படாத வரிசைகள். அந்த நிலையில் 'எடிட் செல்ஸ்', 'டிரான்ஸ்ஃபார்ம்' போய், பெட்டியில் "பதிவில் இல்லை" என்று மேற்கோளோடு எழுதி ஓகே கொடுங்கள். அடித்தவர்களில் யாராவது டிட்டோவுக்குப் பதில் காலியாக விட்டிருக்கிறார் என்று தெரிந்தால், அவர் அடித்த பக்கங்களுக்கு இந்தப் படியைச் செய்யும் முன் பதிவேட்டின் படத்தைப் பாருங்கள்.

நான்கு. அதே ஃபேசட்டில் டிட்டோவின் எல்லா வடிவங்களையும் சேர்த்துத் தேர்வு செய்யுங்கள். ஒன்றை அழுத்தியபின், மற்றவற்றின் மேல் மவுஸை வைத்தால் 'இன்க்ளூட்' என்று வரும். எல்லாம் சேர்ந்ததும் 'காமன் டிரான்ஸ்ஃபார்ம்ஸ்', 'டு நல்'. டிட்டோ குறிகள் மறைந்து வெற்றுக் கட்டங்கள் ஆகும்.

ஐந்து. ஃபேசட்டை மூடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், எல்லா ஃபேசட்டையும் மூடுங்கள். பிறகு 'எடிட் செல்ஸ்', 'ஃபில் டவுன்'. ஒவ்வொரு வெற்றுக் கட்டத்திலும் மேலே உள்ள மதிப்பு இறங்கும்.

ஃபேசட்டை ஏன் மூடவேண்டும் என்றால், ஃபில் டவுன் திரையில் தெரிகிற வரிசைகளை மட்டும்தான் பார்க்கிறது. பெண்களை மட்டும் காட்டும் ஃபேசட் திறந்திருந்தால், ஒரு பெண்ணுக்கு நேர்மேலே உள்ள ஆணின் மாவட்டத்தை அது பார்க்காது. பத்து வரிசைக்கு மேலே உள்ள வேறொரு பெண்ணின் மாவட்டத்தை எடுத்து இங்கே எழுதிவிடும். கட்டம் நிரம்பிவிடும், தகவல் பொய்யாகிவிடும்.

கடைசியாக, "பதிவில் இல்லை" என்பதற்கு நேர்கீழே டிட்டோ இருந்திருந்தால் அங்கேயும் "பதிவில் இல்லை" இறங்கியிருக்கும். மூல நெடுவரிசையில் டிட்டோவும் நகலில் "பதிவில் இல்லை"யும் உள்ள வரிசைகளை இரண்டு ஃபேசட் வைத்துப் பிடித்து, படத்தோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் சில வரிசைகளே இருக்கும்.

தாலுகா, கிராமம், சாதி நெடுவரிசைகளுக்கும் தனித்தனி நகல் எடுத்து இதையே செய்யவேண்டும். கப்பல் மாறும் இடத்தில் கோப்பும் மாறட்டும். இரண்டு கப்பலை ஒரே கோப்பில் வைத்தால், முந்தைய கப்பலின் கடைசி ஊர் அடுத்த கப்பலின் முதல் ஆளுக்கு இறங்க வாய்ப்பு உண்டு.

ஒரு நெடுவரிசையில் பிரித்து, இன்னொன்றில் எழுதுவது

இப்போது லேபிள். நகல் நெடுவரிசையில் டெக்ஸ்ட் ஃபேசட் போடுங்கள். தஞ்சாவூரின் எழுத்து வேறுபாடுகளை இன்க்ளூட் செய்து சேருங்கள். திரையின் மேலே எத்தனை வரிசைகள் பொருந்துகின்றன என்று எண் வரும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'மாவட்டம்-தமிழ்' நெடுவரிசைக்குப் போய், டிரான்ஸ்ஃபார்ம் பெட்டியில் "தஞ்சாவூர்" என்று எழுதுங்கள். பெட்டியின் கீழேயே பழைய மதிப்பும் புதிய மதிப்பும் பக்கம் பக்கமாகத் தெரியும். ஓகே கொடுத்ததும் எத்தனை கட்டம் மாறியது என்று மேலே மஞ்சள் பட்டையில் வரும். குறித்த எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அதே பட்டையில் உள்ள 'அண்டூ'வை அழுத்திவிட்டு, ஏன் என்று பாருங்கள். பிறகு 'நிலை' நெடுவரிசையில் அதே வரிசைகளுக்கு "உறுதி".

நகலில் பிரித்து, தமிழ் நெடுவரிசையில் எழுதுகிறோம். இந்த ஒரு வழக்கம் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் இதன் விரிவுதான்.

ஒரே கட்டத்தின் மேல் மவுஸை வைத்து 'எடிட்' அழுத்தியும் திருத்தலாம். அந்தச் சின்னப் பெட்டியில் என்டர் அடித்தால் அந்த ஒரு கட்டம் மாறும். கன்ட்ரோல்-என்டர் அடித்தால் அதே மதிப்புள்ள எல்லாக் கட்டங்களும் மாறும். இது வசதிதான், ஆனால் திரையில் தெரியாத அடுத்த பக்கத்து வரிசைகளும் சேர்ந்து மாறும் என்பதை மறக்கவேண்டாம். புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்கு இந்த விசையை நான் முதல் வாரத்தில் சொல்லித்தருவதில்லை.

ஆற்காடு என்று மட்டும் இருந்தால்

எல்லாம் தஞ்சாவூர் போல எளிதாக இருக்காது. 'ஆர்காட்' என்று மட்டும் எழுதியிருக்கும் வரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வட ஆற்காடா, தென் ஆற்காடா, ஆற்காடு தாலுகாவா? மூன்றும் அன்று இருந்தன. மொத்தமாக "வட ஆற்காடு" என்று போட்டால் பாதிப் பேருக்குச் சரியாக இருக்கலாம், மீதிப் பேரின் வேரை நாம் அறுத்தவர்கள் ஆவோம்.

இங்கே இரண்டாவது ஃபேசட் உதவுகிறது. மாவட்டம்-நகலில் 'ஆர்காட்' தேர்வில் இருக்கும்போதே, தாலுகா-நகல் நெடுவரிசையிலும் டெக்ஸ்ட் ஃபேசட் திறங்கள். அந்த ஆர்காட் வரிசைகளில் என்னென்ன தாலுகா இருக்கின்றன என்று பட்டியல் வரும். வேலூர், குடியாத்தம், போளூர், வந்தவாசி என்பவற்றை இன்க்ளூட் செய்யுங்கள். திரையில் இருப்பவர்களுக்கு "வட ஆற்காடு". தேர்வை நீக்கிவிட்டு, கடலூர், சிதம்பரம், விழுப்புரம், திண்டிவனம். அவர்களுக்கு "தென் ஆற்காடு". இவர்களின் நிலையில் "உறுதி" என்று போடாமல் "தாலுகாவை வைத்து" என்று எழுதுங்கள். எப்படி முடிவு செய்தோம் என்று அடுத்தவருக்குத் தெரியவேண்டும். தாலுகாவும் இல்லாத வரிசைகள் மிஞ்சும். கிராமப் பெயரை வைத்து ஊகிக்க ஆசை வரும். புதுப்பாளையம் என்ற பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது என்று தமிழ்நாட்டு வரைபடத்தைத் திறந்து பார்த்தால் அந்த ஆசை போய்விடும். அவர்களுக்கு "ஆற்காடு, பிரிக்கமுடியவில்லை".

இன்னொரு பொறி, மாவட்ட எல்லைகள் மாறியது. சித்தூர் 1911-இல்தான் தனி மாவட்டம் ஆனது, அதற்கு முன் அது வட ஆற்காட்டைச் சேர்ந்தது. ராமநாதபுரம் மாவட்டம் 1910-இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரிந்தது. 1880-களில் வந்த ஒருவருக்கு மாவட்டம் மதுரை, தாலுகா பரமக்குடி என்று இருந்தால் எழுத்தர் தவறு செய்யவில்லை. அதைத் திருத்தி 'ராமநாதபுரம்' என்று மொத்தமாக மாற்றவேண்டாம். இன்றைய மாவட்டம் வேண்டுமென்றால் 'இன்றைய மாவட்டம்' என்று இன்னொரு நெடுவரிசை போடுங்கள். அதை மாவட்டத்தை வைத்து நிரப்ப முடியாது, தாலுகாவையும் கிராமத்தையும் வைத்துத்தான் நிரப்பமுடியும். சேலம் என்று எழுதியவர் இன்றைய தர்மபுரிக்காரராகவும் இருக்கலாம்.

பெயர்களும் க்ளஸ்டரும்

டெக்ஸ்ட் ஃபேசட்டின் மேலே 'க்ளஸ்டர்' என்று ஒரு பொத்தான் உண்டு. ஒரே மாதிரி இருக்கும் மதிப்புகளைக் கருவியே கூட்டம் சேர்த்துக் காட்டி, சேர்க்கவா என்று கேட்கும். மாவட்டப் பெயர்களுக்கு இது அருமையான துணை. ஆட்களின் பெயர்களுக்கு இதைப் போல ஆபத்தானது வேறில்லை.

முதல் முறையான 'ஃபிங்கர்பிரின்ட்' என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் காரணம் விளங்கும். நிறுத்தக்குறிகளை நீக்குகிறது, பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாட்டை எடுத்துவிடுகிறது, சொற்களைப் பிரித்து அகர வரிசையில் அடுக்குகிறது. கடைசிப் படியைக் கவனியுங்கள். 'முனுசாமி கோவிந்தன்' என்பதும் 'கோவிந்தன் முனுசாமி' என்பதும் அதற்கு ஒன்றுதான். நம் வீடுகளில் அவை ஒன்றல்ல. தகப்பன் பெயரைச் சேர்த்து எழுதும் வழக்கத்தில், முதலாமவர் கோவிந்தனின் மகன் முனுசாமி என்றால், இரண்டாமவர் முனுசாமியின் மகன் கோவிந்தன். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பவர்கள் நாம். அப்பாவும் மகனும் ஒரே ஆள் என்று கருவி சொல்லும்.

ஒலியை வைத்துச் சேர்க்கும் மெட்டாஃபோன் முறை ஆங்கில உச்சரிப்புக்காகச் செய்தது. எழுத்து வித்தியாசத்தை எண்ணும் லெவன்ஷ்டைன் முறைக்கு முனியம்மாவும் முனியப்பாவும் பக்கத்துப் பக்கத்துப் பெயர்கள், ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டே எழுத்து வித்தியாசம். ஒருவர் பெண், ஒருவர் ஆண்.

தெலுங்குப் பெயர்களும் இதே பட்டியலில் இருக்கின்றன. விசாகப்பட்டினத்துக்காரர் அப்பலசாமியைத் தமிழாக்கி அப்பாசாமி என்று திருத்திவிடக்கூடாது. அப்பலசாமி நட்டாலில் இன்றும் குடும்பப் பெயராக வழங்குகிறது.

அதனால் ஆட்பெயர் நெடுவரிசையில் க்ளஸ்டர் பெட்டியைத் திறந்தால் 'செலக்ட் ஆல்' பக்கம் கை போகவேண்டாம். ஒவ்வொரு கூட்டத்தின் மேலும் மவுஸை வைத்தால் 'பிரவுஸ் திஸ் க்ளஸ்டர்' என்று வரும். அழுத்தினால் அந்தக் கூட்டத்தின் வரிசைகள் மட்டும் தனித் தாவலில் திறக்கும். வயது, பால், தகப்பன் பெயர், ஊர் எல்லாவற்றையும் பாருங்கள். ராமசாமியை ஒரு எழுத்து கூட்டியும் குறைத்தும் எழுதியது போன்ற எழுத்து வேறுபாட்டை மட்டும் சேருங்கள். அதுவும் 'பெயர்-தமிழ்' நெடுவரிசையில் லேபிளாக. காலனியல் எண் வேறு என்றால் ஆள் வேறு, பெயர் ஒன்றாக இருந்தாலும்.

சாதி நெடுவரிசையைப் பற்றியும் கேட்பார்கள். டிட்டோவை நிரப்புவதோடு அதை நான் நிறுத்திக்கொள்கிறேன். எழுத்தர் கேட்டதும் வந்தவர் சொன்னதும் அங்கே எப்படிச் சந்தித்தன என்று நமக்குத் தெரியாது. அதைச் சீராக்கி லேபிள் இட நமக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

வேலை பாதி நடந்தபின் 'மாவட்டம்-தமிழ்' நெடுவரிசையில் ஃபேசட் போட்டுப் பாருங்கள். ஒரே சொல் இரண்டு தடவை வந்தால் திகைக்கவேண்டாம். 'ஒ', 'ஓ' ஓசை ஏறிய எழுத்தை, எடுத்துக்காட்டாக 'கொ'வை, யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவோ, கொம்பு தனி, கால் தனி என்றோ. திரையில் ஒன்றுபோலவே தெரியும். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இதே சிக்கல் உண்டு. கோயம்புத்தூர், ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற பெயர்களில் இதைப் பார்க்கலாம்.

ஃபேசட் பட்டியலில் இரண்டில் ஒன்றின் மேல் மவுஸை வைத்து 'எடிட்' அழுத்தி, மற்றதிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இரண்டும் சேர்ந்துவிடும். குழு முழுவதும் ஒரே விசைப்பலகையைப் பயன்படுத்துவது இதற்கு நிரந்தரத் தீர்வு. அதைவிட நல்லது, மாவட்டப் பெயர்களை ஒரே ஒரு கோப்பில் சரியாக அடித்து வைத்து, எல்லோரும் அங்கிருந்தே நகலெடுப்பது.

இதே ஃபேசட்டை வைத்துப் பின்னோக்கியும் சரிபார்க்கலாம். 'மாவட்டம்-தமிழ்' ஃபேசட்டில் "தஞ்சாவூர்" அழுத்திவிட்டு, மூல நெடுவரிசையின் ஃபேசட்டைப் பாருங்கள். தஞ்சாவூர் என்று நாம் முடிவு செய்ததற்குப் பின்னால் எழுத்தர் எழுதிய எல்லா வடிவங்களும் ஒரே இடத்தில் தெரியும். அதில் ஒரு 'திருநெல்வேலி' தலைகாட்டினால் எங்கோ இன்க்ளூட் தவறியிருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இதைச் செய்யுங்கள். மூலத்தைத் தொடாமல் வைத்ததன் பலன் இங்கேதான் கையில் கிடைக்கிறது.

சந்தேகங்களுக்குக் கொடி, தவறுகளுக்கு அண்டூ

ஒவ்வொரு வரிசையின் இடதுபுறமும் நட்சத்திரமும் கொடியும் இருக்கும். படத்தோடு ஒப்பிடவேண்டியவற்றுக்குக் கொடி என்று குழுவில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமாகவும் கொடி போடலாம்: வேண்டிய வரிசைகளை ஃபேசட்டில் பிரித்தபின், இடது ஓரத்து 'ஆல்' என்ற தலைப்பில் 'எடிட் ரோஸ்', 'ஃப்ளாக் ரோஸ்'. பிறகு அதே 'ஆல்' மெனுவில் கொடியை வைத்து ஃபேசட் போட்டால் அவை மட்டும் வரும்.

இடதுபுறம் 'அண்டூ/ரீடூ' தாவலில் முதல் நாளிலிருந்து செய்த ஒவ்வொரு படியும் எழுதப்பட்டிருக்கும். எந்தப் படியையும் அழுத்தினால் கோப்பு அந்த நிலைக்குத் திரும்பும், கணினியை அணைத்து மறுநாள் திறந்தாலும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பின்னால் போய்விட்டு அங்கிருந்து புதிதாக ஏதாவது திருத்தினால், அதற்குப் பிறகு இருந்த பழைய படிகள் அழிந்துவிடும். பார்க்க மட்டும் போனால், பார்த்துவிட்டு முன்னால் வந்துவிடுங்கள்.

அதே தாவலில் 'எக்ஸ்ட்ராக்ட்' அழுத்தினால் செய்த படிகளை எழுத்தாக எடுத்து, அடுத்த கப்பலின் கோப்பில் 'அப்ளை' செய்யலாம். ட்ரிம், டிட்டோ நீக்கம், ஃபில் டவுன், தெளிவான மாவட்டங்கள் எல்லாம் நிமிடத்தில் முடியும். நெடுவரிசைப் பெயர்கள் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கவேண்டும். ஒவ்வொரு கட்டமாகக் கையால் செய்த திருத்தமும், ஒவ்வொரு வரிசையாகப் போட்ட கொடியும் இதில் வராது, வரவும் கூடாது, அவை அந்தக் கப்பலுக்கு உரியவை. மொத்தமாகப் போட்ட கொடி மட்டும் வரும், அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். "பதிவில் இல்லை" போடும் படியையும் ஆற்காடு பிரிக்கும் படிகளையும் எக்ஸ்ட்ராக்ட் பட்டியலில் டிக் நீக்கிவிட்டு எடுப்பேன். அவற்றை ஒவ்வொரு கோப்பிலும் கண்ணால் பார்த்தே செய்யவேண்டும். டிக் நீக்கினால் அதன் இடத்தில் நீங்களே நின்று செய்தாகவேண்டும் என்பதால், படிகளை இரண்டு தவணையாக அப்ளை செய்யுங்கள்: ட்ரிம் முடிந்ததும் நிறுத்தி வெற்றுக் கட்டங்களைப் பார்த்து, அதன் பிறகு மீதி.

லோட் ஷெட்டிங் (அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு) நேரத்தில் வேலை செய்பவர்களுக்கு: ஓப்பன்ரிஃபைன் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தானாகச் சேமிக்கிறது. பேட்டரி இல்லாத கணினியில் மின்சாரம் போனால் கடைசி சில நிமிட வேலை போகலாம். அட்டவணையில் உங்கள் ஏரியாவுக்கு நேரம் நெருங்கினால் பெரிய மாற்றம் எதையும் தொடங்கவேண்டாம். கருவியை மூடும்போது பின்னால் ஓடும் கறுப்புச் சாளரத்தில் கன்ட்ரோல்-சி அடித்து மூடுங்கள், அப்போது சேமித்துவிட்டு நிற்கும். திரும்பி வந்ததும் அண்டூ தாவலில் கடைசிப் படி எது என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

வெளியே எடுப்பது

எக்ஸ்போர்ட் அழுத்தும் முன் எல்லா ஃபேசட்டையும் மூடவேண்டும். திரையில் தெரிகிற வரிசைகள் மட்டும்தான் கோப்பில் போகும். தஞ்சாவூர் ஃபேசட் திறந்திருந்தால் தஞ்சாவூர்க்காரர்கள் மட்டும் உள்ள கோப்பு கிடைக்கும், கருவி எச்சரிக்காது. எக்ஸ்போர்ட் ஆனபின் கோப்பைத் திறந்து, வரிசை எண்ணிக்கையை உள்ளே கொண்டுவந்த நாள் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு கோப்புகள் எடுத்து வையுங்கள். ஒன்று, மற்றவர்கள் தேடுவதற்கான சிஎஸ்வி. இன்னொன்று எக்ஸ்போர்ட் மெனுவில் 'ஓப்பன்ரிஃபைன் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ் டு ஃபைல்' கொடுத்தால் வரும் முழுச் சுருக்கக் கோப்பு, இதில் எல்லாப் படிகளின் வரலாறும் இருக்கும். அதை இன்னொருவருடைய கணினியிலும் ஒரு பிரதி வையுங்கள்.

கொடி போட்ட வரிசைகளை மட்டும் ஃபேசட்டில் வைத்துத் தனியாக ஒரு எக்ஸ்போர்ட் எடுத்து அச்சடித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு இடத்தில் ஃபேசட் திறந்திருக்கவேண்டும். காலனியல் எண், கப்பல், மூல மாவட்டம், மூல தாலுகா, பக்கத்தில் எழுத ஒரு காலிக் கட்டம் போதும். பதிவேட்டின் படங்களைப் பார்க்கப் போகிறவர் அந்தத் தாளோடு போவார். அவர் கையால் எழுதிக் கொண்டுவருவதை அடிக்கும்போது, காலனியல் எண்ணை 'டெக்ஸ்ட் ஃபில்டர்' பெட்டியில் இட்டு அந்த ஒரு வரிசையை மட்டும் திரையில் வைத்துத் திருத்தி, நிலையில் "படத்தில் பார்த்தது" என்று எழுதி, கொடியை எடுத்துவிடுங்கள்.